ஜம்புலிங்கத்தின் நாக்கு

"குடிப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே வந்த பிறகுதான் ஜம்புலிங்கத்துக்குத் தாம் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பது உறைத்தது.

எஞ்சினியர் இராமகிருஷ்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சனிக்கிழமை சாயங்காலம் பங்களாவுக்கு வாங்க. பீர் குடிப்பீங்கள்ல?" பெரிய அதிகாரி இப்படிக் கேட்டால் குமாஸ்தா என்ன பதில் சொல்வார்? சொல்லிவிட்டார். ஆனால் ஜம்புலிங்கத்தின் ஊர் மன்னார்குடி. அங்கே மதுவிலக்கு வந்து கள்ளுக்கடையை மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. பீர் என்ற வஸ்துவை அவர் சினிமாவில் கெட்டவர்கள் கையில் பார்த்திருக்கிறாரே தவிர, நேரில் பார்த்ததில்லை.

ஹேடோ கப்பல்துறையை ஒட்டி இருந்தது அந்தக் கட்டுமான ஆபீஸ். வெளியே மழை. அந்தமான் போர்ட் பிளேரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழைதான். ஃபைல்கள் பூஞ்சணம் பிடித்து, தொட்டால் கையோடு பச்சையாக ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த மேஜை திருநாவுக்கரசு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கேட்டாரா?"

"கேட்டார்ண்ணே."

"என்ன சொன்னீங்க?"

"குடிப்பேன்னு வாய் தவறி வந்துருச்சு."

"அப்பாடா! ஜம்பு, நீங்க கப்பல் ஏறுற வேளை வந்தாச்சு. வீட்டுக்கு எழுதிப் போட்டுருங்க."

திருநாவுக்கரசு காரணமில்லாமல் பேசுகிறவர் அல்ல. போன வருஷம் ஹெட் கிளார்க்கை எஞ்சினியர் இதே மாதிரி சனிக்கிழமை பீருக்குக் கூப்பிட்டார். அடுத்த கப்பலிலேயே அவருக்கு மெயின்லேண்டுக்கு டிரான்ஸ்பர். அப்புறம் ஸ்டோர் கீப்பர் போனார், அவருக்கும் டிரான்ஸ்பர். அப்புறம் டிராயிங் பிரிவு ஆள். அவர் பெட்டி கட்டக்கூட நேரமில்லாமல் கப்பலேறினார். எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டாற்போல் சொன்ன பதில் ஒன்றுதான்: "எல்லாம் ஐயா தயவு."

"பீர்ல ரசனை உள்ளவங்களைக் கண்டா ஐயாவுக்கு உசுரு. ஜெர்மனியில படிச்சவர் இல்லையா? கூட உட்கார்ந்து ரசிச்சுக் குடிச்சா மனசு குளிர்ந்து, என்ன வேணும்னு கேக்குறார். அவங்க டிரான்ஸ்பர்னு சொல்லியிருப்பாங்க. வேற என்ன கேப்பாங்க இந்தத் தீவுல?" என்றார் திருநாவுக்கரசு.

ஜம்புலிங்கத்துக்கும் கேட்க வேறொன்றும் இல்லை. அவர் மனைவி விசாலாட்சி ஒருமுறை இங்கே வந்து ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு, பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள். குழந்தைக்கு இளைப்பு. கடல் பயணமும் இந்த ஈரக்காற்றும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் அங்கே, இவர் இங்கே. மகள் கோமதிக்கு இப்போது நாலு வயது. போன லீவில் இவர் போய் இறங்கியபோது, அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஜம்புலிங்கமும் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

அடுத்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக அப்பா இருக்க வேண்டும். அதற்கு ஒரு டிரான்ஸ்பர் வேண்டும். டிரான்ஸ்பருக்குப் பீர் வேண்டும் என்றால், குடித்துத் தொலைக்க வேண்டியதுதான்.

"எப்படிண்ணே குடிக்கிறது?"

திருநாவுக்கரசு கொஞ்ச காலம் ஒரு கப்பல் கேன்டீனில் கணக்கு எழுதியவர். வெள்ளைக்கார ஆபீசர்கள் குடித்ததை அருகிலிருந்து பார்த்தவர். தாமும் குடித்ததாக அவர் சொல்லவில்லை, ஜம்புலிங்கமும் கேட்கவில்லை.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தாகத்துக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி மடக்கு மடக்குன்னு குடிச்சீங்க, போச்சு. கிளாஸைச் சாய்ச்சுப் பிடிக்கணும். ஓரமா ஊத்தணும். ரெண்டு விரக்கடை நுரை நிக்கணும். உடனே வாயில வைக்கக் கூடாது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நிறம் பாக்கணும். அப்புறம் மோந்து பாக்கணும். அப்புறம் ஒரு வாய். அதை வாயிலயே வச்சு நாக்கு பூரா சுத்தணும்."

"கசக்கும்னு சொல்றாங்களே?"

"கசக்கத்தான் செய்யும். கசப்புதான் அதுல விசேஷமே. மூஞ்சி மட்டும் கோணக் கூடாது ஜம்பு. மூஞ்சி கோணிச்சோ, உங்க கப்பல் கவுந்துச்சு! குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு மொட்டையா சொல்லாதீங்க. அது ரசனை இல்லாதவன் பேச்சு. என்ன வாசனை வருது, அடியில என்ன ருசி நிக்குதுன்னு எதையாவது எடுத்துச் சொல்லணும்."

அன்று சாயங்காலமே ஜம்புலிங்கம் பயிற்சியை ஆரம்பித்தார். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் அவருடைய குவார்ட்டர்ஸ். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒழுகும் கூரை. நிலவேம்பைக் கஷாயமாகக் காய்ச்சிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சுவரில் மாட்டிய முகக்கண்ணாடிக்கு முன்னால் நின்றார். தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார். மோந்தார். ஒரு வாய் எடுத்துச் சுழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய்தார். கண்ணாடியில் தெரிந்தவர் சிரிப்பது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பொன்னம்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஓவர்சியரின் மனைவி, அவளும் மன்னார்குடிக்காரி. விசாலாட்சி ஊருக்குப் போகும்போது "அவரைக் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொன்னம்மா அந்தப் பொறுப்பை வேலைக்கு நடுவிலும் விடாமல் செய்துவந்தாள்.

"தம்பி, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. கஷாயம்."

"கஷாயத்துக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

ஜம்புலிங்கம் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பொன்னம்மா தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

கசப்பு பழகிவிட்டது என்று அவர் சொன்னதும் திருநாவுக்கரசு அடுத்த பாடத்துக்குப் போனார். "கசப்பு மட்டும் போதாது ஜம்பு. புளிச்ச வாடை பழகணும். இல்லைன்னா மோந்த உடனே கொமட்டிரும். புரோத்ராபூர்ல ராஞ்சிக்காரங்க அரிசிச் சோத்துல மூலிகை உருண்டை போட்டுப் பானையில புளிக்க வைக்கிறாங்க. ஹண்டியாம்பாங்க. அதுவும் பீருக்குத் தம்பி முறைதான். கொஞ்சம் வாங்கிட்டு வந்து பழகுங்க."

புரோத்ராபூருக்கு ஜம்புலிங்கம் டிபன் காரியரோடு போனார். காட்டு வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சி ஜனங்களின் குடிசைகள் அங்கே இருந்தன. பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இவரையும் டிபன் காரியரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கித்னா, பாபு?" எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

"தோடா... தோடா" என்றார் ஜம்புலிங்கம், கொஞ்சம் போதும் என்று விரலால் காட்டி. அவள் சிரித்துக்கொண்டே மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு மூன்றிலும் ரொப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வந்த பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. ஹண்டியா கசிந்து, ஜம்புலிங்கத்தின் வேட்டியை நனைத்து, பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டிக்கும் போயிற்று. பஸ் முழுவதும் வாடை. "சாம்பார் கெட்டுப் போச்சு" என்று கேட்காதவர்களிடமெல்லாம் அவராகவே சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. டெய்ரி ஃபார்மில் இறங்கும்போது எதிரே தண்ணீர்க் குடத்தோடு பொன்னம்மா வந்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்தாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை வந்தது.

எஞ்சினியர் பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். அன்று மழையில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. இராமகிருஷ்ணன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்தப் பெரிய பங்களாவில் அவரும் சமையல்காரர் உதுமானும் மட்டும்தான். உதுமான் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். தாம் ஒரு சொட்டும் தொடமாட்டார். தட்டிலிருந்த பாட்டிலைக்கூடத் துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் மேஜையில் வைத்தார்.

பாட்டிலில் லேபிள் இல்லை.

"கடையில வாங்கினது இல்லை, நானே காய்ச்சினது. பார்லியை முளைகட்டி, வறுத்து, வேக வச்சு, எல்லாம் இந்தப் பின்கட்டுலதான். ஜெர்மனியில கத்துக்கிட்டேன். குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் இராமகிருஷ்ணன். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு என்ன நடுக்கம் என்று ஜம்புலிங்கத்துக்குப் புரியவில்லை.

சொல்லிக் கொடுத்தபடி சாய்த்து ஊற்றினார். நுரை நின்றது. வெளிச்சத்தில் பார்த்தார். மோந்தார். ஒரு வாய் எடுத்துச் சுழற்றினார். கோமதியை நினைத்துக்கொண்டு விழுங்கினார். முகம் கோணவில்லை.

இப்போது ஏதாவது சொல்ல வேண்டும். புத்தியில் ஒன்றும் வரவில்லை. மூக்கில் மட்டும் புரோத்ராபூர் பானை வந்து நின்றது.

"சார்... பழைய சோத்துப் பானை வாசனை வருது. மேல் தண்ணி இல்ல, அடியில நிக்குமே, அது."

இராமகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தொலைந்தோம் என்று ஜம்புலிங்கமும் எழுந்தார்.

"பார்லி பத்தலைன்னு பாதிக்கு மேல அரிசி போட்டேன்யா! உதுமானுக்குக்கூடத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏதோ... நாக்குல தெரிஞ்சுது சார்."

"உட்காருங்க. உட்காருங்க சார் நீங்க!" பெரிய அதிகாரி குமாஸ்தாவை சார் என்று கூப்பிட்டது அந்த ஆபீஸ் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. "அடுத்த சனிக்கிழமையும் கட்டாயம் வரணும்."

பங்களா கேட்டைத் தாண்டி, வளைவில் மறைவாக நின்று, ஜம்புலிங்கம் குடித்ததையெல்லாம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மனம் லேசாக இருந்தது. வேலை முடிந்தது, இனி ஆர்டர்தான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கப்பல் வந்தது. ஆர்டர் வரவில்லை.

"என்னண்ணே இது? மத்தவங்க ஒரே சனிக்கிழமையில போயிட்டாங்களே?"

திருநாவுக்கரசு யோசித்தார். "உங்க ரசனை இன்னும் பத்தலை போல ஜம்பு. அவங்கல்லாம் முதல் வாயிலேயே அசத்தியிருப்பாங்க. நீங்க இன்னும் உள்ள எறங்கணும்."

ஜம்புலிங்கம் உள்ளே இறங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பங்களாவுக்குப் போனார். வறுவல் ஒரு பிடி தூக்கல் என்றார். தண்ணீரில் தகரத்தொட்டி வாடை அடிக்கிறது என்றார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. குமட்டலை அடக்குவதற்காக ஒவ்வொரு வாயையும் அவர் அத்தனை கவனமாகக் குடித்ததில், நாக்கு தானாகத் தேறிவிட்டது. பிடிக்காத ஒன்றில் இவ்வளவு தேர்ச்சி வரும் என்று யார் கண்டது?

கசப்புக்குப் போட வேண்டிய ஹாப்ஸ் என்கிற பூ, வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வந்துகொண்டிருந்தது. அது தீர்ந்துபோயிற்று. இராமகிருஷ்ணன் வேப்பிலை போட்டுப் பார்த்தார். அதை வாயில் வைத்த உதுமானின் கோழிகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடிற்று. உதுமான் 'சாப்' என்று கூப்பிடும் எஞ்சினியர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஜம்புலிங்கம் வாயை விட்டார்.

"நிலவேம்பு போட்டுப் பாப்போமா சார்? அதுல கசப்பு இருக்கும், காட்டம் இருக்காது."

அந்தப் பீர் வந்தது. தேன் நிறம், வெள்ளைத் துணி போல் நுரை, கசந்து உள்ளே இறங்கி மெல்ல இனிக்கும் ருசி. இராமகிருஷ்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஜம்பு, பத்து வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்." மரியாதை போய் நெருக்கம் வந்திருந்தது. "மெயின்லேண்ட்ல என்னய்யா இருக்கு? புழுதி, கூச்சல். இங்க பாரு. கடல், மழை, நல்ல பீர், கூட ஒரு ரசனை உள்ள மனுஷன். வேற என்ன வேணும்?"

ஜம்புலிங்கத்துக்கு வேறுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, பங்களாவில் இடமில்லை என்று எஞ்சினியர் கொடுத்த பாட்டில்களை வாங்கிக்கொண்டுவந்து தம் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். "உன் ரூம்தான் குளிர்ச்சி. ரெண்டு வாரம் அசையாம இருக்கட்டும்" என்று உத்தரவு. மூடிய பாட்டிலுக்குள் பீர் இன்னும் புளித்துப் பொங்கும் என்பதை உத்தரவு போட்டவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டுப் புழுக்கம் தாங்கவில்லை. பொன்னம்மா ஒரு தட்டில் கொழுக்கட்டையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"விசாலாட்சிக்கு நாளைக் கப்பல்ல லெட்டர் போடப் போறேன் தம்பி. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"நல்லா இருக்கேன்னு எழுதுங்கக்கா. சாமி கும்பிடுறேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன்னு..."

கட்டிலுக்கு அடியில் டமார் என்றது. பொன்னம்மா தட்டோடு துள்ளினாள். டமார், டமார் என்று வரிசையாக வெடித்தன. நுரை கட்டிலுக்கு அடியிலிருந்து புறப்பட்டு, அறையைக் கடந்து, வாசற்படியில் இறங்கி, அவள் காலை நனைத்தது. கொழுக்கட்டைகள் அதில் மிதந்தன.

"என்ன தம்பி இது?"

"கஷாயம்..." என்றார் ஜம்புலிங்கம்.

பொன்னம்மா குனிந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தாள். "பஸ்ல வந்த அன்னைக்கே நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது ஜம்புலிங்கத்தை அதிகமாகச் சுட்டது.

விசாலாட்சியின் கடிதம் அடுத்த மெட்ராஸ் கப்பலில் வந்தது. திட்டி எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பிரித்தார். திட்டவில்லை. "பொன்னம்மா அக்கா எழுதியிருந்தார்கள். தனியாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று என் அப்பா சொல்கிறார். கோமதி முன்பெல்லாம் அப்பா எப்போது வருவார் என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான்.

ஜம்புலிங்கம் அன்று ஆபீசில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குடும்பத்துக்காகக் குடிக்கப் போய், அந்தக் குடும்பமே கை நழுவிப் போகிறதே என்று இருந்தது. உனக்காகத்தான் குடிக்கிறேன் என்று எந்த ஆண்பிள்ளை சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நேரில் போய் நின்றால்தான் உண்டு.

"இனிமே விட முடியாது ஜம்பு. வாயைத் திறந்து கேட்டுருங்க" என்றார் திருநாவுக்கரசு.

அந்தச் சனிக்கிழமை ஜம்புலிங்கம் கேட்டார். "சார், குழந்தைக்கு என் முகமே மறந்து போச்சு. ஊருக்கு ஒரு டிரான்ஸ்பர்..."

இராமகிருஷ்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். வழிந்த நுரையை விரலால் துடைத்தார். "பார்ப்போம்" என்றார் கடைசியில். "முதல்ல இந்தப் புதுக் காய்ச்சல் நல்லபடியா வரட்டும். நீதான் பாத்துக்கணும்."

பார்ப்போம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜம்புலிங்கம் உழைத்தார். ஆபீஸ் விட்டதும் பங்களாப் பின்கட்டில் பார்லியைக் கிளறினார். மழையில் நனைந்து விறகு பிளந்தார். நுரை பொங்குகிற ஜாடிகளுக்கு ஈரச்சாக்கு சுற்றினார். அந்தக் காய்ச்சலில் வந்த பீர் முந்தியதைவிட அருமையாக இருந்தது. அதை எஞ்சினியரோடு உட்கார்ந்து ருசி பார்க்க வேண்டிய சனிக்கிழமையன்று ஜம்புலிங்கத்துக்கு மலேரியா.

குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. பொன்னம்மா கோபத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தாள்.

"அண்ணே, நீங்க பங்களாவுக்குப் போய் எனக்கு முடியலைன்னு சொல்லிட்டு வந்துருங்க" என்று பல் தந்தியடிக்கச் சொன்னார் ஜம்புலிங்கம்.

போன திருநாவுக்கரசு அன்று திரும்பி வந்து தகவல் சொல்லவில்லை. ஜம்புலிங்கம் எழுந்து நடமாடி ஆபீசுக்குப் போன அன்றுதான் சமாசாரம் தெரிந்தது. திருநாவுக்கரசுவுக்கு டிரான்ஸ்பர். சொந்த ஊரான திருச்சிக்கே.

"சொல்லத்தான் போனேன் ஜம்பு. 'அவன் வரலையா, சரி நீங்க உட்காருங்க'ன்னு ஐயா கிளாஸை நீட்டிட்டார். தட்ட முடியுமா?" திருநாவுக்கரசு அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நான் கேட்டதையும் ஞாபகப்படுத்தினீங்களா?"

"அதுக்கு நேரம் வாய்க்கலை."

"என்ன சொன்னீங்கண்ணே? எந்த ருசியை எடுத்துச் சொன்னீங்க?"

"எல்லாம் ஐயா தயவு" என்றார் திருநாவுக்கரசு.

ஜம்புலிங்கத்துக்கு முதல் தடவையாக ஒரு மனிதர் மேல் உண்மையான பொறாமை வந்தது. கற்றுக்கொடுத்தவர் அல்லவா? இவ்வளவு நாளும் இவரிடம் முழுப் பாடத்தையும் சொல்லவில்லை. கடைசி நுணுக்கம் ஒன்றைத் தமக்கென்று மறைத்து வைத்திருக்கிறார். அதை வைத்து ஒரே சனிக்கிழமையில் காரியத்தை முடித்துவிட்டார்.

கப்பல் புறப்படும் நாளில் வழியனுப்ப ஹேடோ துறைக்குப் போனார். போகாமல் இருக்க மனம் வரவில்லை. தூறிக்கொண்டிருந்தது. கோமதிக்காக வாங்கி வைத்திருந்த சிப்பி மாலையைத் திருநாவுக்கரசுவிடம் கொடுத்து, மன்னார்குடி விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிடச் சொன்னார். திருநாவுக்கரசு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏணியில் ஏறிப் போனார்.

கப்பல் ஊதியது. மேல்தட்டில் ஜனங்கள் கை அசைத்தார்கள். ஜம்புலிங்கமும் யாருக்கென்று இல்லாமல் அசைத்தார். தண்ணீர் அகலமாகிக்கொண்டே போயிற்று. அந்தக் கப்பலில் தாம் நிற்கிற இடம் எது, கோமதியைத் தூக்கிக்கொள்ளப் போகும் கை எது என்றெல்லாம் அவர் தினமும் நினைத்துப் பார்த்திருந்தார். இப்போது அழுகை வந்தது. மழைதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று அழுதார்.

பக்கத்தில் உதுமான் வந்து நின்றார். கப்பலில் வந்த பார்லி மூட்டைகளை எடுத்துப்போக அவர் கூலிகளோடு வந்திருந்தார். முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மூட்டைகள் குவிந்திருந்தன.

"என்ன உதுமான் பாய், இவ்வளவு பார்லி?"

"சாப் சொல்லிவுட்டாருங்க. இனி பல வருசத்துக்குக் காய்ச்சணுமாம்."

ஜம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாய், நீங்க அன்னைக்குப் பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரே ஒரு நாள் உட்கார்ந்து திருநாவுக்கரசண்ணன் அப்படி என்ன ரசிச்சுக் குடிச்சார்? என்கிட்ட இல்லாத ரசனை அவர்கிட்ட என்ன இருந்துச்சு?"

உதுமான் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரசிச்சாரா? ஒரு வாய் வச்சாரு, மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு. சீனி இருந்தா ரெண்டு கரண்டி போடுங்கன்னு எங்கிட்டக் கேட்டாரு. அடுத்த வாய அப்படியே சாப் காலுலயே துப்பிட்டாரு."

"அப்புறம் எப்படி பாய் அவருக்கு டிரான்ஸ்பர் குடுத்தார்?"

"முன்னாடி போன மூணு பேரும் இதே கதைதானே சார், பீரு குடிக்கத் தெரியாதவன் எவனும் நம்ம தீவுல இருக்கப்படாதுன்னுதான் சாப் கோவத்துல கப்பலேத்தி வுடுறாரு!"